நடுவில் இடம் விட்டு உட்காருங்கள்

கம்பெனி செத்துப்போனால் தலை முழுகுகிற ஒரே ஒரு ஆளைத்தான் நான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன்.

நானும் மச்சானும் அந்த அம்மாவைத் தேடி முதல் தடவை போன அன்றே அதைப் பார்த்துவிட்டோம். திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பாத்திரக்கடை. அதற்கு மேலே மாடியில் அவருடைய ஆபீஸ். படியேறிப் போனால், அவர் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. மேஜையில் ஒரு காகிதம் கிடையாது.

"இன்னிக்கு வேல பாக்கறதில்ல தம்பி. நாளைக்கு வாங்க."

"சிதம்பரத்துலேந்து வரோம்மா, பஸ் ஏறி" என்றான் மச்சான்.

"வந்தது தெரியுது. இன்னிக்குத் தீட்டு."

மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "யாரும்மா தவறிட்டாங்க?" என்றேன்.

"கம்மாபுரத்துல ஒரு கம்பெனி. ஓடு செஞ்சுகிட்டு இருந்தாங்க. நேத்து சர்க்கார் பதிவேட்டுலேந்து பேரை அடிச்சுட்டாங்க. ஏழு வயசுதான் ஆவுது" என்று சொல்லிவிட்டு, துண்டால் முடியைத் துவட்ட ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அவ்வளவு தூரம் நடிக்கிறவர் எங்கள் இருவருக்காக நடிக்க மாட்டார்.

கீழே இறங்கியதும் மச்சான் சொன்னான்: "மாமா, இந்தம்மா ஒரு மாதிரி. வேற ஆளப் பாப்போம்."

வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் அவர் பேரைத்தான் சொன்னார்கள். கம்பெனி செக்ரட்டரி படிப்பு முறையாகப் படித்தவர், புதுச்சேரியில் பெரிய இடங்களில் வேலை பார்த்தவர், அவர் கம்பெனி பதிவு செய்து கொடுத்தால் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்றார்கள். ஊரில் அவருக்குக் 'கம்பெனி அம்மா' என்றே பேர். அவரிடம் போய் வந்தவர்கள் அதற்கு மேல் ஒன்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் எலக்ட்ரீஷியனாக ஆரம்பித்தவன். எனக்குக் கரண்ட் மேல் மட்டும்தான் பயம்.

எங்கள் தொழில் கூரை மேல் சோலார் பேனல் போடுவது. நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், சேர்ந்து செய்தோம். முதலில் வீடுகளுக்குப் போட்டோம். பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கத்து ரைஸ் மில்களிலிருந்து கேட்டு வந்தார்கள். மில்காரர்களுக்கு ஆள் பேரில் பில் கொடுத்தால் ஆகாது, கம்பெனி பில் வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. அது மச்சானுடைய காரணம். கூரை மேல் செய்கிற வேலையில் நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் வீடு வாசல் போய்விடக்கூடாது. பிரைவேட் லிமிடெட் போட்டுவிட்டால் வருகிற கேஸும் கடனும் கம்பெனியோடு நின்றுவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் போனபோது அந்த அம்மா இயல்பாக இருந்தார். ஒல்லி, நல்ல உயரம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நாங்கள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போனதும், "நடுவுல எடம் விட்டு உக்காருங்க" என்றார். கொரோனா காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தினி பேரு சேந்து ஆரம்பிக்கறீங்க?"

"நானும் மாமாவும்."

"ஒருத்தரா ஆரம்பிக்கறதுக்கும் வழி இருக்கு. ஆனா நீங்க போட நெனக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும். ரெண்டு பேரு சேந்து கொண்டாந்தாதான் அது வரும்."

"நானும் மாமாவுமா?" என்று மச்சான் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க வேற, அது வேற. இத மொதல்ல நல்லா மனசுல வாங்கிக்குங்க. அது இன்னொரு ஆளு. அதுக்குன்னு பேரு, வீடு, கணக்கு, கையெழுத்து எல்லாம் தனி. அது கேஸு போடும், அது மேல கேஸு போடலாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டாலும் அது போவாது. இருக்கும். யாராவது முறைப்படி எழுதிக் குடுத்து அடிச்சாதான் சாவும்."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிற்பாடு ஒரு வக்கீலிடம் கேட்டபோது அவரும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். ஆனால் வக்கீல் சொன்னபோது எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. இந்த அம்மா சொன்னபோது, எனக்கும் மச்சானுக்கும் நடுவில் பெஞ்சு லேசாக அமுங்கியதைப் போல இருந்தது.

பேர் வைப்பதில் முதல் தகராறு. மச்சான் தன் அப்பா பேரை வைக்க வேண்டும் என்றான். என் மாமனார் போய்ச் சேர்ந்து அப்போது வருஷம் திரும்பியிருக்கவில்லை.

"செத்தவங்க பேர வெக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

"ஏம்மா, சட்டத்துல எடம் இல்லியா?"

"சட்டத்துல எடம் உண்டு. நான் வெக்க மாட்டேன். இது சாவாத ஒண்ணு. அதுக்குப் போனவங்க பேரக் குடுத்தா, யாரு யாருன்னு அதுக்கே தெரியாமப் போயிடும். பண்ருட்டியில ஒருத்தரு கேக்காம வெச்சாரு. இப்ப அந்த வீட்ல பேரச் சொல்லிக் கூப்புடவே பயப்படறாங்க."

மச்சான் விட்டுக்கொடுத்தான். 'வெயில்' என்ற சொல் வருகிற மாதிரி நான் ஒரு பேர் சொன்னேன். அதே பேரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லை என்றதும் தலையாட்டினார்.

அடுத்து கையெழுத்து. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சியில் எங்கள் இருவர் கையெழுத்தும் தனித்தனியாக வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி. மற்ற இடங்களில் இதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவார்களாம், ஆணியில் பேர் எழுதித் தொங்கவிட்டிருப்பார்களாம். இவர் வாங்கி வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். "உங்க கைய வெட்டி எங்கிட்டக் குடுத்து வெச்சுட்டுப் போறேன்னா வாங்குவனா? எடுத்துட்டுப் போங்க" என்றார். மச்சான் அந்தக் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் சிதம்பரம் வருகிறவரைக்கும் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அதற்கப்புறம் விலாசம். சிதம்பரத்தில் என் வீட்டு வாசல் ரூமைக் கொடுத்தேன். என் பேரில் இருந்த கரண்ட் பில்லும், 'எனக்குச் சம்மதம்' என்று ஒரு கடிதமும் போதும் என்றார். வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த ரூம்ல யாரு படுக்கறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா. எப்பவாவது விருந்தாளி வந்தா."

"இனிமே விருந்தாளிய வேற எடத்துல படுக்க வைங்க. வெளியில பேரு எழுதிப் போர்டு மாட்டணும், அது சட்டம். சாயங்காலம் லைட்டப் போட்டு வைங்க. அது சட்டம் இல்ல, நான் சொல்றது."

இதை வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி, "கம்பெனி ஆரம்பிக்கறீங்களா, ஆளக் குடி வெக்கறீங்களா?" என்றாள். ஆனால் லைட்டை அவள்தான் போட்டாள். ஒருநாள் மறந்தது கிடையாது.

எங்கள் கம்பெனி பதிவான செய்தி ஈமெயிலில் வந்தது. நாங்கள் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் அவரிடமிருந்து ஃபோன். "பொறந்துடுச்சு தம்பி. மக நட்சத்திரம். நல்லா இருக்கும்" என்றார். குரல் குழைந்திருந்தது. என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் இந்தக் குரலில் யாரும் பேசவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவர் ஃபோன் செய்தால் 'தொழில் எப்படிப் போகுது' என்று கேட்க மாட்டார். "அது எப்பிடி இருக்கு?" என்பார். நல்லாயிருக்கும்மா என்போம். "இப்ப எங்க இருக்கு?" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? வாசல் ரூமில் என்று ஒருமுறை உளறிவைத்தேன். "சரி சரி, இருக்கட்டும்" என்று திருப்தியாக வைத்துவிட்டார்.

மச்சான் பெண்ணுக்குக் காது குத்தினோம். சமையல்காரருக்குக் கொடுக்க அன்றைக்குக் கையில் பணம் இல்லை. மச்சான் கம்பெனி கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். நம்ம கம்பெனிதானே, நம்ம பணம்தானே என்று யாருமே செய்கிற காரியம். எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் மதியம் அந்த அம்மாவின் ஃபோன்.

"அது இங்க வந்துச்சு தம்பி."

"எதும்மா?"

"உங்களோடது. காலையிலயே வந்து உக்காந்துடுச்சு. ஒண்ணும் பேசல. அதோட தட்டுல கைய வெச்சீங்களா?"

என் கையில் அப்போது வயர் கட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன். பேங்க் விவரம் எதுவும் அவருக்குப் போகாது. காதுகுத்துக்கு அவர் வரவில்லை. வந்திருந்தவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எப்படித் தெரிந்தது என்று நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

"எடுத்தத வெச்சுடுங்க. அதோடது அதோடதா இருக்கணும். உங்களோடது உங்களோடதா இருக்கணும். ரெண்டும் கலந்துச்சுன்னா நாளைக்கு அது உங்களுக்காக நிக்காது" என்றார். அன்று சாயங்காலமே மச்சான் நகையை வைத்துப் பணத்தைத் திரும்பக் கட்டினான். கட்டிவிட்டு என்னிடம், "மாமா, அந்தம்மா நம்பர பிளாக் பண்ணிடலாமா?" என்று கேட்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

இன்னொரு நாள். ஏதோ கையெழுத்துக்காக நான் மட்டும் போயிருந்தேன். "முதுநகர் வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடறீங்களா?" என்று கேட்டார். கையில் ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வைத்திருந்தார். நல்ல உச்சி வெயில். துறைமுகத்துப் பக்கம் ஒரு குறுக்குச் சந்தில் நிறுத்தச் சொன்னார். பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு. வாசலில் இலைச்சருகு. கதவுக்கு மேலே ஒரு கம்பெனி போர்டு, 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிகிறது. அந்தத் தெருவிலேயே அந்த எழுத்துதான் பளிச்சென்று இருந்தது.

அவர் வாசல் கட்டையில் ஏறி நின்று, மங்கிப்போன இரண்டு எழுத்துகளுக்கு நிதானமாகப் பெயிண்ட் அடித்தார்.

"யாரு வீடும்மா?"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு ஆரம்பிச்சாங்க. வலை வியாபாரம். நான் மொதல்ல பதிஞ்சது இதுதான். ரெண்டு பேருமே போயிட்டாங்க. புள்ள இல்ல. பங்குக்கு வாரிசுன்னு ஒருத்தரும் வரல."

"அப்ப கம்பெனி?"

"அது இருக்கு" என்றார். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "யாருமே இல்லாம இருக்கு. அதுக்கு என்னா தெரியும்? காத்துகிட்டு இருக்கு. சர்க்கார்ல அடிச்சுடுவாங்க, இன்னும் அடிக்கல. அது வரைக்கும் பேராவது தெரியட்டுமேன்னு நான்தான் வரேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் பழக்கதோஷத்தில் மீட்டர் பெட்டிக்குப் போயிற்று. டிஜிட்டல் மீட்டர். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே ஏதாவது ஓடினால்தான் அது சிமிட்டும். சிமிட்டிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜோ ஃபேனோ ஓடுகிற வேகத்தில் சிமிட்டியது. நான் திரும்பிக் கரண்ட் போஸ்டைப் பார்த்தேன். போஸ்டிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற வயரை எப்போதோ வெட்டிச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். வெட்டிய முனை காற்றில் ஆடியது.

மீட்டருக்குள் பேட்டரி உண்டு, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேட்டரியில் எழுத்து தெரியும், விளக்கு சிமிட்டாது. அதுவும் எனக்குத் தெரியும். அவர் மூடின கதவைப் பார்த்து, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி, "வரேன்" என்றார். வண்டியைக் கிளப்ப எனக்கு நாலைந்து உதை தேவைப்பட்டது.

அதற்கப்புறம் என் வீட்டு வாசல் ரூமுக்குள் போகும்போது செருமிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு வந்தது. என் மனைவி கவனித்தாள். கேலி செய்யவில்லை. அவளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

சேகர் விழுந்தது அந்த வருஷத்து அறுவடைக்கு முன்னால். எங்களிடம் ஆரம்பத்திலிருந்து வேலை செய்தவன், முப்பது வயசு இருக்கும். பூனை மாதிரி கூரை ஏறுவான். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு மில்லில், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நடந்திருக்கிறான். நெல் வருவதற்குள் முடித்துக் கொடுங்கள் என்று மில்காரர் அவசரம். ஷீட் உடைந்து நேராகக் கீழே, சிமெண்ட் தரையில். இடுப்பு பெல்ட்டும் கயிறும் வேனிலேயே கிடந்தன. எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டியது யார் என்பதில் எனக்கும் மச்சானுக்கும் இன்றைக்கும் வாக்குவாதம் தீரவில்லை.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் முதுகெலும்பில் அடி, எழுந்து நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சேகரின் மனைவி ஸ்டெல்லா டெய்லர் கடையில் தைக்கிறவள். வராந்தாவில் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"இனிமே என்னா சார் பண்றது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னான்: "கம்பெனிதாம்மா பொறுப்பு. நாங்க வேற, கம்பெனி வேற. எங்களக் கேட்டு ஒண்ணும் ஆவாது, சட்டம் அப்பிடி."

ஸ்டெல்லா அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்தக் கம்பெனியக் காட்டுங்க சார். நான் அதுகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள்.

வெளியே வந்ததும் மச்சான் தன் திட்டத்தைச் சொன்னான். கம்பெனியில் என்ன இருக்கிறது? ஒரு பழைய வேன், டிரில்லிங் மிஷின், ஏணி. கேஸ் என்று வந்தால் அதோடு போகட்டும். அதற்கும் முன்னாலேயே இதை மூடிவிட்டு, அவன் மனைவி பேரில் புதிதாக ஒன்று ஆரம்பித்துவிடலாம். மில் வேலையெல்லாம் புதியதற்கு வந்துவிடும்.

"சேகரு?" என்றேன்.

"எனக்கும் வருத்தம்தான் மாமா. உங்க வீட்ட வித்துக் குடுப்பீங்களா? அக்காவும் புள்ளயும் எங்க போவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "நம்ம வீட்ல சோறு தின்ன பையன்டா அவன்" என்று கத்தினேன். ஆனால் வீட்டை விற்க எனக்கும் மனசில்லை. அன்றைக்கு வேலையை நிறுத்தினால் சேகர் கதி அதோகதி. கம்பெனி உயிரோடு இருந்து மில் வேலைகள் வந்தால்தான் மாதாமாதம் அவனுக்கு ஏதாவது போகும். அதை மூடிவிட்டால் கேட்க ஒரு பெயர்கூட இருக்காது. இவ்வளவுதான் விஷயம். இதை முடிவு செய்ய நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் ஒத்துவரவில்லை.

அந்த அம்மாவிடம் போனோம். மச்சான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "வீட்ட யாரும் தொட முடியாது தம்பி. அதோடத அதோடதா வெச்சிருந்தீங்க. அது உங்களுக்காக நிக்கும்" என்றார். மச்சான் மூச்சு விட்டான். "மூடறதும் மூடலாம். ஆனா யாருக்கும் எதுவும் குடுக்கறதுக்கில்லன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணி எழுதணும்."

"எழுதறோம்."

"அந்தப் பொண்ணு கம்பெனியக் காட்டுன்னு கேட்டுச்சுன்னீங்களே. காட்டினீங்களா?"

"எதம்மா காட்டறது?" என்றான் மச்சான்.

"கூட்டிட்டு வாங்க. நான் காட்டறேன்."

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அன்று அந்தப் பக்கம் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. அந்த அம்மா தன் ஃபோனைக் கீழே பாத்திரக்கடை இன்வெர்ட்டரில் சார்ஜுக்குப் போட்டிருந்தார். நாங்கள் ஏறும்போது அது கல்லா மேஜை மேல் கிடந்ததை நானே பார்த்தேன். மேலே ஃபேன் ஓடவில்லை, கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஸ்டெல்லாவை உட்காரச் சொன்னார். எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

படிக்கட்டில் நின்றோம். முதலில் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. விழுந்த கதையைச் சொல்கிறாள். பிறகு அந்த அம்மா ஒரு வார்த்தை. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதற்கப்புறம் ஒரு குரல் பேசியது.

தாழ்ந்த குரல். வார்த்தை புரியவில்லை. நிறுத்தி நிறுத்தி, புதிதாகப் பேசப் பழகுகிற மாதிரி. ஆனால் ஆம்பிளைக் குரல். அது மச்சானுடைய குரல். அவன் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான், உள்ளே அவன் பேசுகிறான்.

மச்சான் என் முழங்கையைப் பிடித்தான்.

"மாமா" என்றான் கிசுகிசுப்பாக. "உள்ள உங்க குரல் கேக்குது."

நான் அவனிடம் எனக்குக் கேட்டதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. கீழே கடையில் யாரோ அண்டாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

கதவு திறந்தது. ஸ்டெல்லா வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பேசிட்டேன் சார். ஒத்துக்கிச்சு" என்றாள்.

"யாரு?"

"கம்பெனி. அவரு எழுந்து நடக்கற வரைக்கும் பாத்துக்கறேன்னிச்சு. நடக்கலன்னாலும் பாத்துக்கறேன்னிச்சு. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு ஒழுங்கா வேல செஞ்சாப் போதுமாம்."

அந்த வாக்கு இன்றுவரை தப்பவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேகர் இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறான். மாதம் பிறந்தால் அவன் பங்கு போன பிறகுதான் எங்கள் சம்பளம். ஸ்டெல்லா எங்களுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அவள் எங்களிடம் வாங்குவதாக நினைக்கவில்லை.

ஸ்டெல்லா படியிறங்கிப் போனாள். நான் உள்ளே போனேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார். ரூமில் வேறு வாசல் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி. நான் அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

"உள்ள யாரும்மா பேசினது?"

"வேற யாரு? நாங்க மூணு பேருதான்" என்றார், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "மூடறதுக்கு எழுதிடட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

மச்சான் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். செருப்பைக் கழற்றியிருந்தான். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"வேணாம்" என்றான்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை.